தண்ணீர் போகிற வழியே பறவை பார்க்கலாம்

தஞ்சாவூருக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்தச் சரணாலயத்துக்குப் போகலாம் என்பதைத்தான். டெல்டாவில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, வயலில் இப்போது என்ன வேலை நடக்கிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கொக்கும் நாரையும் எங்கே நிற்கும் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். இங்குள்ள ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. சரணாலயம் என்று பலகை வைத்த ஏரியாக இருந்தாலும் மதகு திறந்தால்தான், மழை பெய்தால்தான் நிறையும். பறவைகளின் வரவும் போக்கும் அந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம். வழக்கம்தானே தவிர உறுதி கிடையாது. 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாள் ஆகும். அறை முன்பதிவு செய்வதற்கு முன்னால் அந்த ஆண்டின் தண்ணீர்ச் செய்தியைப் பாருங்கள். மேட்டூர் நீர்மட்டம் நாளிதழ்களில் தினமும் வருகிறது. பறவை ஆர்வலருக்கு அதைவிடப் பயனுள்ள முன்னறிவிப்பு இந்த வட்டாரத்தில் இல்லை.

எந்த விடுமுறையில் வருவது

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பள்ளி விடுமுறைதான் நாள்காட்டி. அதன்படியே சொல்லிவிடுகிறேன்.

காலாண்டு விடுமுறை சம்பா, தாளடி நடவுக் காலத்தை ஒட்டி வரும். வயலில் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு ஓட்டும் நாட்கள் அவை. டிராக்டர் வயலுக்குள் இறங்கிய சற்று நேரத்தில் எங்கிருந்தோ உண்ணிக்கொக்குகள் வந்து இறங்கும். கலங்கிய சேற்றிலிருந்து மேலே வரும் பூச்சி, தவளை, புழு எல்லாம் அவற்றுக்கு விருந்து. சேற்றுழவு ஓட்டும் ஒரு வயலின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்றால், சரணாலயத்தில் தூரத்துப் புள்ளிகளாகத் தெரியும் பறவைகளைக் கண்ணெதிரே பார்க்கலாம். கொக்கு வகைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ள இதுவே சரியான பள்ளிக்கூடம்.

அரையாண்டு விடுமுறையில், மார்கழிப் பனியில், சம்பாப் பயிர் உயரமாக வளர்ந்துவிட்டிருக்கும். பயிருக்குள் பறவை இருந்தாலும் கண்ணில் படாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கும். வடக்கிலிருந்து வந்த வாத்துகள் அவற்றில் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் வயலை விட்டுவிட்டு ஏரிக்குப் போங்கள்.

என்னைக் கேட்டால் பொங்கலை ஒட்டிய இரண்டு வாரங்களுக்கு ஈடு எதுவும் இல்லை. ஏரியிலும் தண்ணீர் இருக்கிறது, அறுவடையும் தொடங்கிவிடுகிறது. அறுத்த வயலின் தாளுக்குள் உள்ளான்கள் பதுங்கியிருக்கும். மிக அருகில் போகும்வரை அசையாமல் இருந்துவிட்டு, சட்டென்று ஒரு கரகரத்த ஒலியோடு கிளம்பி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து பறந்து மறையும். பூனைப்பருந்துகள் தாளுக்கு மேலே தாழ்வாக, சிறகை மேல்நோக்கித் தூக்கியபடி மிதந்துகொண்டு போகும். வாத்து மேய்ப்பவர்கள் தங்கள் வாத்துகளை வயலில் இறக்கியிருந்தால் அதன் ஓரத்திலும் பாருங்கள். சிதறிய நெல்லும் கலைந்த பூச்சியும் இருக்கும் இடத்துக்குக் காட்டுப் பறவைகளும் வந்துவிடும்.

கோடை விடுமுறையில் நீர்ப்பறவைகளை நம்பி வர வேண்டாம். அதற்காகக் கோடை வெறுமை என்று அர்த்தமில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து தரிசு வயல்களில் கிடை போடும் காலம் அது. மேயும் ஆடுகளின் காலடியில் உண்ணிக்கொக்கும் மைனாவும் நடக்கும். கரிச்சான் ஆட்டின் முதுகிலேயே உட்கார்ந்து வரும். மின்கம்பிகளில் பனங்காடையும் பஞ்சுருட்டானும், பனைமரங்களைச் சுற்றிப் பனை உழவாரன்களும் எப்போதும் உண்டு. பெரிய கோயில் விமானத்தைச் சுற்றும் மாடப்புறாக்களையும் கிளிகளையும் மாலை வெயிலில் பார்ப்பதற்குப் பருவமே தேவையில்லை.

ஒரு மாற்றத்தையும் கவனத்தில் வையுங்கள். கடைமடைப் பகுதிகளில், குறிப்பாகத் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம், நாற்று நடாமல் நேரடியாக விதை தெளிப்பது அதிகம். அந்த வயல்களில் ஆரம்பத்தில் தண்ணீர் நிற்காது. அங்கே கொக்குகளைத் தேடாமல் வானம்பாடி, புறா, சில்லை ஆகியவற்றைத் தேடுங்கள்.

வரப்பில் நின்று பார்ப்பது

தூரத்தில் தெரியும் வெள்ளைப் பறவை எல்லாவற்றையும் கொக்கு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அலகையும் காலையும் பாருங்கள். மஞ்சள் அலகு, குட்டையான கழுத்து, மாட்டுக்கோ டிராக்டருக்கோ பக்கத்தில் நடக்கிறது என்றால் உண்ணிக்கொக்கு. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. காலைத் தூக்கும்வரை, அல்லது பறக்கும்வரை பொறுத்திருங்கள். பெரிய கொக்கு ஏறக்குறைய நாரை உயரம் இருக்கும். அதன் வாய்ப் பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இந்த ஒன்றைக் கவனித்தால் நடுத்தர அளவுக் கொக்கோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மடையான் தனிக் கதை. வாய்க்கால் ஓரத்தில், மண் நிறத்தில், மண்கட்டியோடு மண்கட்டியாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் கடந்து போகும்போதுதான் எழும்பும். எழும்பியதும் சிறகு முழுக்க வெள்ளை வெளேர் என்றிருக்கும். முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு பறவைகள் என்றே நினைப்பார்கள். திரும்ப இறங்கும் இடத்தைக் காட்டி, மறுபடியும் மறைவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிர் கதிர் விடும் சமயத்தில் வயலில் ஆங்காங்கே குறுக்குக் கம்பு கட்டிய குச்சிகள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். இரவில் கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிப்பதற்காக வைப்பது அது. அதே வரப்பில் மூங்கில் கிட்டியும் வைத்திருப்பார்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்று வெளியூர்களிலும் பெயர் பெற்ற எலிப்பொறி. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். பகலில் அந்தக் குச்சிகளில் கரிச்சானும் வெண்மார்பு மீன்கொத்தியும் மாறி மாறி உட்காரும். படம் எடுக்க வேண்டுமானால் பறவையைத் துரத்திக்கொண்டு நடப்பதைவிட இப்படி ஒரு குச்சிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவது மேல்.

வரப்பு அடுத்தவர் வயலுக்குச் சொந்தம். யாராவது கண்ணில் பட்டால் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

"அண்ணே, கொக்கு பாக்க வந்தோம். இந்த வரப்புல செத்த நின்னுக்கலாமா?"

"தாராளமா நில்லுங்க தம்பி. நாத்தங்கால்ல மட்டும் கால வச்சுடாதீங்க. நாரை பாக்கணும்னா அந்த மடைகிட்ட போங்க, காலையில ஒரு கூட்டம் நின்னுச்சு."

கேட்டால் இப்படி வழியும் கிடைக்கும். எந்த மடையில் எந்தப் பறவை என்று வயல்காரருக்குத் தெரிந்த அளவு எந்தச் செயலிக்கும் தெரியாது. புதிதாக அணைத்த வரப்பு ஈரமாக இருந்தால் அதில் ஏறாதீர்கள். உங்கள் ஒரு காலடி உடைத்த இடத்தில் தண்ணீர் வடிந்துவிடும். அறுவடைக்குப் பிறகு வைக்கோல் கிடக்கும் இடங்களில் பாம்பு இருக்கும். மூடிய காலணி போடுங்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் வெறும் தரையில் அதன் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். தேடாதீர்கள், வந்த வழியே திரும்புங்கள்.

நத்தை குத்தி நாரை

இந்த நிலத்துக்கே உரிய பறவை எது என்று கேட்டால் யோசிக்காமல் நத்தை குத்தி நாரையைச் சொல்வேன். சாம்பல் படிந்த வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. அலகை மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பக்கவாட்டில் நிற்கும்போது பைனாகுலரில் பார்த்தால் அந்த இடைவெளி வழியாகப் பின்னால் இருக்கும் பச்சைப் பயிரே தெரியும். இளம் பறவைகளுக்கு இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் உண்டாகிறது. அதனால் கூட்டத்தில் அலகு நேராக இருப்பவை வேறு இனமோ என்று ஐயப்பட வேண்டாம்.

அது சாப்பிடுவதை ஒருமுறையாவது பொறுமையாகப் பாருங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் மெல்ல நடந்து, அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும். நத்தை அகப்பட்டதும் பெரும்பாலும் தலையை வெளியே எடுக்காமலே வேலையைத் தொடங்கிவிடும். மேல் அலகால் ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்மையான நுனியை நத்தையின் மூடிக்குக் கீழே செலுத்தி, உள்ளே ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் இழுத்தெடுக்கும். பிறகு தலையை உயர்த்தி ஓர் ஆட்டு ஆட்டி விழுங்கும். அலகின் இடைவெளியில் வைத்துப் பாக்குவெட்டியைப் போல ஓட்டை நொறுக்குகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். நாரைக் கூட்டம் கிளம்பிய பிறகு அந்த வரப்போரம் நடந்து பார்த்தால் உண்மை தெரியும்: காலி நத்தை ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் முழுசாகவே கிடக்கும்.

வெயில் ஏறியதும் இவை சூடான காற்றில் வட்டமிட்டு உயரே போய் இடம் மாறிவிடும். அதனால் வயலில் பார்க்க விரும்பினால் விடிந்ததும் வந்துவிடுங்கள்.

ஏரிகள்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் 25 கி.மீ. அளவில் வடுவூர். 1999 முதல் சரணாலயம், 2022 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் உள்ளது. பேருந்திலேயே போகலாம் என்பதால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு முதல் ஏரியாக இதைத்தான் சொல்வேன். ஏரி நிறைந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரிவரை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், நாமக்கோழி ஆகியவற்றைப் பார்க்கலாம். காலையில் வாத்துகளுக்காகப் போவது சரி, ஆனால் மாலை நான்கு மணிக்குப் போய் இருட்டும்வரை இருந்து பாருங்கள். சுற்றுவட்டார வயல்களில் மேய்ந்த அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் நீர்க்காகங்களும் அணி அணியாகத் திரும்பிவந்து மரங்களில் இறங்கும். எந்தத் திசையிலிருந்து அதிகம் வருகின்றன என்று குறித்துக்கொண்டால் மறுநாள் காலை எந்தப் பக்கத்து வயலுக்குப் போவது என்பதும் முடிவாகிவிடும்.

திருத்துறைப்பூண்டி – முத்துப்பேட்டை வழியில் உள்ள உதயமார்த்தாண்டபுரம் சிறிய ஏரி. 1998-இல் சரணாலயமானது, 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நாரையும் கொக்கும் வக்காவும் கூடு கட்டும் இடம் இது. குஞ்சுகளின் இரைச்சலும் எச்ச வாடையும் கரைவரை வரும். கூடுகளுக்கு அருகில் போக முயல வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து போனால் வெயிலும் காகமும் குஞ்சுகளை விட்டுவைக்காது. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும், அப்போது போய் ஏமாற வேண்டாம்.

திருவையாறு, திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வரும் பெரிய ஏரி. 2024 ஜனவரியில் இதுவும் ராம்சர் இடமாக அறிவிக்கப்பட்டது. இங்கே வரித்தலை வாத்துக்காகவே போகலாம். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வரும் பறவை, இந்த ஏரிக்குப் பக்கத்து வயலில் புல் மேய்ந்துகொண்டு நிற்கும். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். வேறெதோடும் குழப்பம் வராது.

கோடியக்கரை

டெல்டாவின் தென்கிழக்கு மூலைக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதாது. வேதாரண்யத்தில் தங்கலாம், அனுமதி கிடைத்தால் கோடியக்கரையில் உள்ள வனத்துறையின் பூநாரை இல்லத்திலும் தங்கலாம். 1967-இல், முதன்மையாக வெளிமானுக்காக அமைந்த சரணாலயம் இது. 2002-இல் ராம்சர் இடமானது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் ஈரநிலமும் இதுவே.

இங்கே ஒன்றுக்கொன்று அடுத்தாற்போல இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று அதைச் சொல்வார்கள். உயரம் குறைவு, அடர்த்தி அதிகம். அக்டோபர், நவம்பரில் தெற்கே போகும் வழியில் சிறு பறவைகள் இங்கே இறங்கி இளைப்பாறும். ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை விடியலிலும் அந்தியிலும் கேட்கும். பறவையோ புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். சத்தம் வந்த இடத்தில் தரையைப் பாருங்கள், கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அகப்படாது. அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி இரண்டும் இதே நிழலில் கிடைக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் இந்தக் காட்டையும் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளையும் புரட்டிப் போட்டது. அதன் தழும்புகளைப் பிறகும் பல இடங்களில் காண முடிந்தது.

மற்றொன்று சதுப்பும் உப்பளமும். பூநாரைகளைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். மழை முடிந்தவுடன் சதுப்பில் நன்னீர் அதிகம். நீர் வடிந்து உப்பு ஏறும் ஜனவரி, பிப்ரவரியில்தான் பூநாரைகளுக்கு வாய்ப்பு நன்றாக இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழே இருக்கும்படி தண்ணீரை அலசி அவை மேயும். கூட்டம் தூரத்தில்தான் நிற்கும். காலையில் கிழக்கே பார்த்து நின்றால் வெறும் நிழலுருவமே தெரியும். வெயில் முதுகில் விழும்படி இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உப்பளப் பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்களும் கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓடித் திரியும். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். அதன் பிறப்பிடம் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியா.

மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறது. சாலிம் அலி இந்த இடத்தின் மேல் வைத்திருந்த அக்கறையின் தொடர்ச்சி அது. காலில் வளையமோ வண்ணப்பட்டையோ உள்ள பறவையைப் பார்த்தால் நிறம், எந்தக் கால், எழுத்து, எண், நாள், இடம் எல்லாவற்றையும் குறித்துக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

முத்துப்பேட்டைக்கு ஜாம்புவானோடையிலிருந்து கோரையாற்றில் படகில் போகலாம், வனத்துறை அனுமதி வேண்டும். ஆலாக்களும் மீன்கொத்திகளும் நாரைகளும் கிடைக்கும். இருந்தாலும் அந்தப் பயணம் அலையாத்திக் காட்டைப் பார்ப்பதற்கானது. பறவைப் பட்டியலை நீட்ட நினைப்பவர்கள் அந்த அரை நாளை உப்பளத்தில் செலவிடலாம்.

கறிக்கு விற்கும் மடையான்

பயண நூல்கள் இதைச் சொல்வதில்லை. எனக்குச் சொல்லாமல் விட மனமில்லை. இதே வயல்களில் கண்ணியும் வலையும் வைத்து மடையானையும் கொக்கையும் பிடித்துக் கறிக்கு விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வழியோரக் கடையில் யாராவது 'ஸ்பெஷல்' என்று நீட்டினால் மறுத்துவிடுங்கள். பிடிக்கிறவர் பெரும்பாலும் அன்றாடம் காய்ச்சி. காரில் வந்து வாங்கிப் போகிறவர்கள் நிறுத்தினால்தான் இது நிற்கும். வயலில் வலையைப் பார்த்தால் தனியாக வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கையில் என்ன

8x42 அளவுப் பைனாகுலர் ஒன்று போதும். மார்கழியில் கண்ணாடியில் பனி படியும், துடைக்கப் பருத்தித் துணி வேண்டும். தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' பையில் இருக்கட்டும். பிள்ளைகளின் கையில் கொடுத்துத் தேடச் சொன்னால் அவர்கள் உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

பார்த்ததை இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் பதிந்தால் போதும். நிபுணராக இருக்கத் தேவையில்லை. ஏரிகளிலிருந்து நிறையப் பட்டியல்கள் வந்துவிடும், வயல்களிலிருந்து வருவது குறைவு. ஆகவே நீங்கள் நிற்கும் வயலிலிருந்து ஒன்று அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் வயலின் நிலையையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தண்ணீர் நிற்கிறதா, கதிர் வந்துவிட்டதா, அறுத்தாயிற்றா, உளுந்து தெளித்தாயிற்றா. மேட்டூர் முன்கூட்டியே திறந்த ஆண்டையும் தாமதமாகத் திறந்த ஆண்டையும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு அந்த ஒரு வரி இல்லாமல் முடியாது.